மைக் செட் வண்டிக்குக் கூண்டு கட்டும்போது

மைக் செட் தொழிலில் சாமான் மேடையில் கெட்டுப்போவது குறைவு. கோயில் கொடை முடிந்து, ஊரே தூங்கப் போன பிறகு, கண்ணைக் கட்டுகிற தூக்கத்தில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி வீடு திரும்புகிறோமே, அந்த ஒரு மணி நேரத்தில்தான் பாக்ஸின் மூலை பிளக்கும், ஆம்புக்குள் தண்ணீர் இறங்கும், மிக்சரின் குமிழ் எதிலாவது இடித்து உடையும். அடுத்த ஊரில் போய்ச் செட் போடும்போது "நேத்து நல்லா இருந்துச்சே" என்று கையைப் பிசைவோம்.

நம்ம குமரி மாவட்டத்தில் இதற்கு முதல் காரணம் மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. நடுவில் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு கொட்டுகிற கோடைமழை வேறு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். டிசம்பர் 3-இல் முடிகிற திருவிழா அது. அந்தப் பத்து நாட்களும் எப்போதுமே மழை மாதத்துக்குள்தான் விழும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு 400 ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் கும்பாபிஷேகம் நடந்தது 2022 ஜூலை 6-இல். அது தென்மேற்குப் பருவத்தின் நடுப்பகுதி. திருவிழாவும் மழையும் ஒரே நாளில் வருகிற ஊர் இது. தார்ப்பாயை நம்பி இங்கே இந்தத் தொழிலை நிம்மதியாகச் செய்ய முடியாது. கூண்டு வேண்டும்.

எந்தக் கூண்டு, எந்த வண்டியில் என்று கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். கருங்கல் பக்கமிருந்து புதிதாகத் தொழில் தொடங்குகிற ஒரு தம்பி இப்படிக் கேட்டான்: "அண்ணே, அமெரிக்காவுல காருக்குப் பின்னால மூடின டிரெய்லர மாட்டி இழுத்துட்டுப் போறாங்களே, அப்படி ஒண்ணு செஞ்சா என்ன? வேலையில்லாத நேரம் கழட்டி முத்தத்துல போட்டுக்கிடலாம். வண்டி வேற சவாரிக்கு ஆகும்."

யோசனை நல்ல யோசனைதான். வட அமெரிக்காவில் தச்சு வேலைக்காரர், தோட்ட வேலைக்காரர், பாட்டுக் கச்சேரிக் குழு என்று எல்லோரும் அப்படித்தான் சாமான் கொண்டுபோகிறார்கள். ஆனால் அந்த டிரெய்லருக்கு ஒரு கணக்கு உண்டு. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இழுக்கிற வண்டியின் கொண்டியில் உட்கார வேண்டும். எடை பின்பக்கம் கூடினால், வேகம் எடுக்கும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். பிறகு முன் வண்டியையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடும். அளந்து அடுக்க நேரமும் வெளிச்சமும் இருக்கிறவர்களுக்கு அது சரி. ராத்திரி இரண்டு மணிக்குக் கோயில் முற்றத்தில் நாலு பையன்கள் கையில் கிடைத்ததை ஏற்றுகிற நம் வேலைக்கு அது ஆபத்து.

சட்டமும் லேசுப்பட்டதல்ல. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனியாக ஒரு வாகனம். தனிப் பதிவு, தனி எண், தனிக் காப்பீடு. வெல்டிங் பட்டறையில் ஒன்று அடித்துக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போக முடியாது. இதையெல்லாம் சமாளித்தாலும் நம்ம மேற்கு ஊர்களின் வழி இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேடும் பள்ளமுமாக, இரண்டு பக்கமும் கல்மதில் எழுப்பிய இடவழிக்குள் டிரெய்லரோடு நுழைந்துவிட்டால், எதிரே ஒரு ஆட்டோ வந்தால் பின்னால் எடுப்பது எப்படி? டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் நெல் அறுவடைக்கு டிராக்டர் ஓட்டுகிற தோவாளைக்காரருக்கு உண்டு. நம்ம பையன்களுக்கு இல்லை. அதனால் தம்பிக்குச் சொன்னேன்: "மக்கா, பிக்கப் ஒண்ணு எடு. அதுலயே கூண்டு கட்டு. வண்டியும் கூண்டும் ஒரே உடம்பா இருக்கட்டும்."

வண்டி என்றதும் எல்லோரும் குட்டியானையில் தொடங்குவார்கள். 2005-இல் டாடா ஏஸ் என்கிற அந்தக் குட்டியானை வந்ததற்குப் பிறகு நம்ம தொழிலே மாறிப்போனது உண்மை. அதற்கு முன் சின்னச் செட்டுக்காரர்கள் குழாய் ஸ்பீக்கரைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக் கொண்டுபோன காலம் உண்டு. முக்கால் டன் ஏற்றுகிற குட்டியானை, நாலு டாப், நாலு பேஸ், ஒரு சின்ன ஜெனரேட்டர் என்கிற அளவுக்குப் போதும். அதற்கு மேலே வளர நினைக்கிறவர்கள் தோஸ்த், பொலிரோ பிக்கப் வகையில் தொடங்குவது நல்லது. ஒன்றே கால் டன், ஒன்றரை டன் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது திறந்த பாடிக்குச் சொன்ன கணக்கு. கூடுதலாகக் கட்டுகிற கூண்டின் எடை முழுவதும் அந்தக் கணக்கிலிருந்துதான் கழியும்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டே கால் அடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஆறடி உயரம் என்று ஒரு கூண்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கூரையும் சேர்த்தால் சுமார் பத்தொன்பதரைச் சதுர மீட்டர் தகடு வேண்டும். 18 கேஜ் இரும்புத் தகடு, அதாவது 1.2 மி.மீ., ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பதரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக மொத்தம் சுமார் 184 கிலோ. அதே இடத்தில் 1.6 மி.மீ. அலுமினியத் தகடு போட்டால் சுமார் 84 கிலோவில் முடியும். வித்தியாசம் ஏறக்குறைய நூறு கிலோ. பதினெட்டு அங்குல ஒற்றை பேஸ் பாக்ஸ் இரண்டின் எடை அது. கனமான தகடு போட்டால் வண்டி பலமாக இருக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு பேஸ் பாக்ஸுக்கு உரிய எடையைத் தகரமாகச் சுமக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கூண்டின் பலம் சட்டத்தில் இருக்கிறது: மூலைத் தூண், குறுக்குச் சட்டம், அவை சேருகிற மூட்டு. தகடு மழையையும் காற்றையும் தடுக்கத்தான்.

எடை கூடினால் என்ன, ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்கிற பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். பட்டையைக் கூட்டினால் வண்டி குந்தாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழையதுதானே? அதோடு பட்டை இறுக இறுகக் குலுக்கல் முழுவதும் சாமானுக்குப் போகும். 2019-இல் திருத்திய சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு கோயில் கொடையின் லாபம் ஒரே சோதனையில் போய்விடும்.

தளத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பாக்ஸ்களுக்கெல்லாம் இப்போது சக்கரம் இருக்கிறது. ஐம்பது கிலோ பாக்ஸ் நாலு சின்னச் சக்கரத்தில் நிற்கும்போது அந்த எடை முழுவதும் நாலு ரூபாய் நாணய அளவு இடத்தில்தான் இறங்குகிறது. வண்டி பள்ளத்தில் விழுந்தால் அது பல மடங்காகும். அடியில் குறுக்குச் சேனல் இரண்டடிக்கு ஒன்று என்று போட்டிருந்தால் நடுவில் பலகை தொய்ந்து, ஒரு மழைக்காலத்துக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஓரடிக்கு ஒரு குறுக்குச் சேனல் கேளுங்கள். மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட். ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று பலகையிலேயே பாருங்கள். 303 என்று இருந்தால் அது வீட்டு அலமாரிக்கு ஆகும், நமக்கு ஆகாது. பலகையை அறுத்த விளிம்புகளில் பெயிண்ட் அடித்த பிறகே பொருத்தச் சொல்லுங்கள். தண்ணீர் குடிப்பது அந்த விளிம்புதான். முழுக்க இரும்புச் செக்கர் பிளேட் போட்டால் எடை இரண்டு மடங்குக்கு வந்துவிடும்; ஈரத்தில் வழுக்கவும் செய்யும்.

கூண்டைச் சேஸில் பொருத்துவதற்கு யூ போல்ட். சேஸில் ஓட்டை போடவோ நேரடியாக வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். அந்த இடத்தில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும்.

கூண்டு தயாரானதும் நான் செய்கிற ஒரு சோதனையைச் சொல்கிறேன். நல்ல வெயில் காய்கிற உச்சி நேரத்தில் பட்டறைக்குப் போவேன். உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்வேன். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரியும்: கூரையும் பக்கத் தகடும் சேருகிற ஓரத்தில் ஊசி போல ஒரு கீற்று, கதவின் கீழ் மூலையில் பீடிங் சரியாக அமுங்காத இடத்தில் ஒரு கோடு, ரிவிட் தளர்வாக இறங்கிய இடத்தில் ஒரு புள்ளி. சாக்பீஸால் ஒவ்வொன்றையும் வட்டம் போடுவேன். வெளிச்சம் வருகிற வழியில் தண்ணீர் வரும். அதற்குப் பிறகு ஹோஸ் பைப்பை வைத்துக் கூரையிலும் கதவிலும் கால் மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே டார்ச்சோடு நிற்பேன். ஒரு தடவை மேஸ்திரி கேட்டார், "அண்ணாச்சி, ஆளுக்குக் கூண்டா, சாமானுக்குக் கூண்டா?" என்று. சிரித்துக்கொண்டே கேட்டாலும் வட்டம் போட்ட எல்லா இடத்திலும் சிலிக்கான் வைத்துத் தந்தார். இன்றைக்கு அவரே வேறு வண்டிகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்கிறார்.

கூரை தட்டையாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு அங்குலமாவது தூக்கி இருந்தால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும். முடிந்தவரை ஒரே தகடாகப் போடச் சொல்லுங்கள். கதவுக்கு மேலே ஒரு சின்ன வடிகால் பட்டி வைத்தால், கதவைத் திறக்கும்போது கூரைத் தண்ணீர் தலையிலும் மிக்சரிலும் கொட்டாது.

மழைக்கு அடுத்தது உப்பு. சுமார் 72 கிலோமீட்டர் கடற்கரை நமக்கு. மண்டைக்காட்டு மாசிக் கொடைக்குப் பத்து நாள் வண்டி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் தேவாலயத் திருவிழா. அந்தக் காற்றில் இரும்புக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால், அலுமினியம் அரிக்கத் தொடங்கும். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை அடிக்கும்போது நடுவில் ரப்பர் நாடாவோ சீலண்டோ கொடுத்தே ஆக வேண்டும். ஸ்கொயர் டியூபுக்கு வெளியே எத்தனை கோட்டு ரெட் ஆக்சைடு அடித்தாலும், அதன் வாய் திறந்து கிடந்தால் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வாயை மூடி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். தாழ்ப்பாள், கீல் ஆகியவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடற்கரை ஊரிலிருந்து திரும்பினால் மறுநாளே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய மீன் வண்டியின் கூண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது குளிரைக் காப்பதற்குக் கட்டியது. சுவருக்குள் கெட்டி நுரை, கதவில் இரட்டைப் பீடிங், காற்று போக வழியே கிடையாது. வருஷக்கணக்காக ஐஸ் தண்ணீரும் உப்பும் ஊறிய தளம். மீனுக்கு அது அருமையான பெட்டி. பேப்பர் கோன் வைத்த ஸ்பீக்கரை அதில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் கோன் நமுத்துப் போயிருக்கும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள்.

காற்றோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. நன்றாக மூடிய கூண்டு வெயிலில் நின்றால் உள்ளே சூடு ஏறும். இரவில் குளிர்ந்ததும் உள்ளே இருக்கிற ஈரம் தகட்டில் வேர்த்து, சொட்டும். மழை ஒரு துளி இறங்காமலே ஆம்பின் போர்டு பச்சை பிடிப்பது இதனால்தான். முன்பக்கம் மேலே ஒன்று, பின்பக்கம் கீழே ஒன்று என்று மழை அடிக்காத மூடி வைத்த துவாரம் இரண்டாவது வேண்டும். கூரையின் உள்பக்கம் மெல்லிய பிளைவுட் அடித்தால் சொட்டுவது வெகுவாகக் குறையும். ஈரமான வயர், சீரியல் செட், பந்தல் துணி எதையும் ஆம்போடு ஒரே கூண்டில் பயணம் செய்ய விடாதீர்கள். வண்டியின் அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால், பக்கத்துக்கு ஒரு பெட்டி தொங்கவிட்டால் ஈரச் சாமான் அதில் போகும். ஜெனரேட்டருக்குத் தனித் தடுப்பும் தனிக் கதவும் வேண்டும். மழை பெய்கிறதே என்று மூடிய கூண்டுக்குள் வைத்து அதை ஓட்டவே கூடாது. அந்தப் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பக்கத்தில் படுத்துத் தூங்குகிற பையன் எழுந்திருக்க மாட்டான். இதைச் சும்மா பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை.

உயரத்தைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, காற்று. ஆரல்வாய்மொழி கணவாயில், முப்பந்தல் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை அந்தக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று, நான் மேலே சொன்ன கூண்டின் பக்கத்தில் 60 கிலோவுக்கு மேலான எடையைச் சாய்த்து வைத்த மாதிரித் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. 2022 மே 15-இல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு காற்றாடிமலைக்கு ஆள் வரத்து கூடியிருக்கிறது. அங்கே செட் போடப் போகிறவர்களுக்கு இது தெரியும். ஊர் பேரிலேயே காற்று இருக்கிறது. சாமான் இறக்கிவிட்டு வெறும் கூண்டோடு திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். ஏழடி உயரம் கேட்கிறவர்களிடம் நான் கேட்பது: உங்கள் பாக்ஸை இரண்டுக்கு மேல் அடுக்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் ஆறடி போதும். கனமானதைக் கீழே, பின் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பக்கச் சுவரில் இரண்டு உயரத்தில் ஆங்கிள் ஓடவிட்டு, அடிக்கு ஒரு கொக்கி வைத்தால் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கலாம். கயிறு வேண்டாம்.

இரண்டாவது, ஊருக்குள் நுழைவது. நாஞ்சில் நாட்டு ஊர்களில் கோயிலுக்கு முன்னால் வளைவு இருக்கும். அதற்கு முன்னால் தாழ்ந்து தொங்குகிற மின்கம்பி, பலாக் கொம்பு, பக்கத்து ஊர்க்காரர் கட்டிய தோரணம். நீங்கள் வழக்கமாகப் போகிற ஊர்களிலேயே தாழ்ந்த வளைவு எதுவோ, அதை ஒரு டேப் எடுத்து அளந்துவிட்டு, ஒரு சாண் கழித்து வண்டியின் மொத்த உயரத்தை வையுங்கள். அதேபோல முடுக்குக்குள் நிற்கும்போது பின்கதவு திறக்க இடம் இருக்காது. பின்கதவு இரண்டு பாளமாகச் சுற்றி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்கிற மாதிரியும், இடப்பக்கம் ஒரு சின்னக் கதவும் வையுங்கள். அந்தச் சின்னக் கதவுக்கு நேரே மிக்சரும் மைக் பெட்டியும் இருந்தால் பாதி வேலை லேசாகிவிடும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் இருக்கிற பாடியும் ரோட்டில் ஓடுகிற பாடியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கட்டுவதற்கு முன்னாலேயே நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், காப்பீட்டுக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த அன்றைக்கு அவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுவாக இருக்கும். பின்னால் நீட்டிக் கட்ட ஆசைப்பட்டால், பின் அச்சுக்கு வெளியே நீட்டுவது வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதனால் சின்னத் தொழில்காரர்கள் அந்த வரம்புக்குள் நிற்கிற வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓட்டுகிற பையனிடம் சாதாரண இலகுரக உரிமம்தானே இருக்கிறது என்று கவலைப்பட்டவர்களுக்கு, 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தை அந்த உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எஃப்.சி. புது வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, எட்டு வருஷம் ஆன பிறகு வருஷா வருஷம்.

எங்கே கட்டுவது? நாமக்கல்லில் கட்டினால் வேலை நறுக்காக இருக்கும், லாரி பாடிக்குப் பேர்போன ஊர். ஆனால் முதல் மழையில் ஒழுகினால் அங்கே கொண்டுபோக முடியுமா? நாகர்கோவில், மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்திலேயே நல்ல பட்டறைகள் உண்டு. நான் உள்ளூரில் கட்டுவதற்கே சொல்வேன். சட்டம் முழுவதும் வெல்டிங் முடிந்து, தகடு அடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். தகடு மூடிய பிறகு மூட்டைப் பார்க்க முடியாது.

ஆடி, ஆவணியில் பட்டறைக்காரர் கையில் நேரம் இருக்கும்போது வேலையைக் கொடுத்தால், ஐப்பசி மழையில் ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடித்து, கார்த்திகைக்குள் சரி செய்து, தை பிறக்கும்போது கொடைக் காலத்துக்குத் தயாராக நிற்கலாம். மாசியில் போய் "பங்குனி முதல் ஆர்டர் இருக்கு, ஒரு வாரத்துல முடிச்சுத் தாங்க" என்று நின்றால், சிலிக்கான் காய்வதற்குக் கூட நேரம் இருக்காது.